மஸ்கட்டுக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவே பத்து மணி நேரம்

முத்தாபுதுப்பேட்டையில் மாடி அறை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய் நின்றபோது, வீட்டுக்காரர் அருள்தாஸ் முன்பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "பேரு இன்னா?" என்றார். "வெற்றிச்செல்வன், பி.எஸ்சி. இயற்பியல்" என்றேன். நான் எப்போதும் அப்படித்தான் சொல்வது. எங்கள் வீட்டில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள ஏதாவது கிடைத்த முதல் ஆள் நான்.

"சர்டிபிகேட்டக் காட்டு."

கொண்டுபோய்க் காட்டினேன். பதிவு எண்ணை மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். என் அப்பா பெயரை இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்தார். கால் மணி நேரம் ஆனது. கடைசியில், எதையோ கைநழுவ விட்டவர் மாதிரி, "எல்லாம் கரெக்டாத்தான் கீது" என்று திருப்பிக் கொடுத்தார். முதலில் எனக்குக் கோபம்தான். யோசித்துப் பார்த்தால், என் பட்டத்தை அவ்வளவு முழுதாகப் படித்த மனிதர் வேறு யாரும் கிடையாது. எனக்கு வேலை கொடுத்த கம்பெனிகூட ஜெராக்ஸைத்தான் வாங்கிக்கொண்டது.

அருள்தாஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் பல்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். ஹெல்பராகச் சேர்ந்தார். கணக்கு நன்றாக வருகிறது என்று யாரோ கவனித்து டைம் ஸ்டடிக்கு மாற்றினார்கள். கையில் ஸ்டாப் வாட்சோடும் அட்டையோடும் ஒரு தொழிலாளியின் பக்கத்தில் நின்று, ஒரு சக்கரத்தைக் கடைந்து முடிக்க எத்தனை விநாடி ஆகிறது என்று குறிப்பதுதான் வேலை. அவர் குறித்துக் கொடுப்பதை வைத்துத்தான் ஒரு ஷிப்டுக்கு இத்தனை சக்கரம் என்று மேலே முடிவு செய்வார்கள். அதனால் அவர் தலை தெரிந்தாலே எல்லாக் கைகளும் மெதுவாகிவிடும்.

"நாப்பது செகண்டு வேலைய எழுவது செகண்டுக்கு இஸ்ப்பான் தம்பி. கையப் பாத்தா நீ ஏமாந்துடுவே. காலப் பாக்கணும். வேணும்னே மெதுவா செய்றவன் காலு சும்மா நிக்காது."

கம்பெனியில் அவருக்குச் 'செகண்டு தாஸ்' என்று பெயர். கேண்டீனில் அவர் உட்காரும் மேசையில் வேறு யாரும் தட்டு வைக்க மாட்டார்கள். முப்பத்து நான்கு வருடம், எதிரில் நின்ற ஒவ்வொருவரும் தன் முன்னால் நடிக்கிறான் என்று தெரிந்தே நின்ற மனிதர் அவர். அப்படி நின்ற ஒருவரால் பிறகு எதையும் சும்மா பார்க்க முடியாது என்று நினைக்கிறேன். பால்காரர் லிட்டர் ஊற்றும் வேகம், பாஸ்டர் பிரசங்கம் செய்யும் நேரம், எதிர்வீட்டு சிவராமன் வேலைக்குக் கிளம்பும் நேரம், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு எண் இருந்தது.

"கல்யாணத்தன்னிக்குத் தாலி கட்டுறப்போ இவரு வாயி அசையுது தம்பி," என்று அவர் மனைவி சாராள் ஒருமுறை சொன்னார். "ஜெபம் பண்றாருன்னு நெனச்சிக்கினேன். அப்புறம் பாத்தா, மூணு முடிச்சுக்கு எத்தினி செகண்டுன்னு எண்ணியிருக்காரு!"

"பதினேழு," என்றார் அருள்தாஸ், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஒரே மகள் ரெனிதா. ஆவடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஐந்து வருடமாக வேலை. இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு அரக்கோணத்தில் ஒரு மாப்பிள்ளை அமைந்தது. பேங்க் வேலை. நிரந்தரமா, கான்ட்ராக்டா என்று தெரிந்துகொள்ள அருள்தாஸ் அந்தக் கிளைக்கே போய், வரிசையில் நின்று, கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் விசாரித்துவிட்டு வந்தார். நிரந்தரம்தான். ஆனால் விசாரித்தது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்து, சம்பந்தம் அன்றோடு முறிந்தது. அதன்பின் ஆறு மாதம் ரெனிதா அப்பாவோடு நேராகப் பேசவில்லை. "மம்மி, டாடியச் சாப்ட வரச் சொல்லு" என்று அடுத்த நாற்காலியில் இருப்பவரைக் கூப்பிட அம்மாவைத் தூது விடுவாளாம்.

இப்போது அமைந்தது ஜாக்சன். கரையான்சாவடியில் பிளம்பிங் சாமான் கடை வைத்திருக்கும் ஞானசேகரனின் மகன். மஸ்கட்டில் ஒரு பெரிய கம்பெனியில் சூப்பர்வைசர் என்றார்கள். கல்யாணம் முடிந்து பத்து நாளில் ரெனிதாவும் மஸ்கட் போவதாக ஏற்பாடு. இருவருக்கும் டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டது.

ஜாக்சன் ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சென்னையில் இறங்கினான். மாலையே அப்பாவோடு முத்தாபுதுப்பேட்டைக்கு வந்தான். நானும் அன்று கீழேதான் இருந்தேன்.

"பிரயாணம்லாம் சௌரியமா இருந்துச்சா?" என்று சாராள் கேட்டார்.

"எங்க ஆன்ட்டி! நேத்து மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் பெட்டியத் தூக்கிக்கினு ரூம விட்டுக் கெளம்புனது. இன்னும் உடம்பு ஆடுது."

சாராள் "ஐயோ பாவம்" என்றார்.  காபித் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோன அருள்தாஸ் குடிக்காமல் கீழே வைத்தார்.

அடுத்த ஞாயிறு கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, ஆராதனையின் நடுவில் பாஸ்டர் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சபைக்கு வாசிப்பார். இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல வேண்டியவர்கள் மூன்றாவது ஓலைக்குள் சொல்லிவிட வேண்டும். அன்று மதியம் அருள்தாஸ் மாடி ஏறி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். கையில் மடித்த காகிதம்.

"வெற்றி, மஸ்கட்லேர்ந்து மெட்ராஸுக்கு ஏரோப்ளேன்ல எத்தினி கிலோமீட்டரு?"

போனில் தேடிப் பார்த்தேன். "ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட், கிட்டத்தட்ட ரெண்டாயிரத்து அறுநூறு."

"டைமு?"

"சுமார் மூணரை மணி நேரம் அங்கிள்."

காகிதத்தைப் பிரித்தார். ரெனிதாவின் போக வர டிக்கெட் நகல் அது. ஓரத்தில் பென்சிலால் அவர் எழுத்து. "இங்க எட்டு மணிக்கு ஏறுனா அங்க பத்து இருவதுக்கு எறங்குதாம். அங்க ரெண்டு அஞ்சுக்கு ஏறுனா இங்க ஏழு மணி."

"அது அங்கிள், அவங்க நேரம் நம்மளவிட ஒண்ணரை மணி..."

"அத்தக் கழிச்சிட்டேன்யா. அது தெரியாத ஆளா நானு? கழிச்சும் போவ மூணு அம்பது, வர மூணு இருவத்தஞ்சு. அதே ரோடு, அதே தூரம். இருவத்தஞ்சு நிமிசம் எங்க போச்சு? எங்கியாவது நடுவுல நிறுத்துறானா?"

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. படித்த படிப்பைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மேலே, அத்தனை உயரத்தில், காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. வரும்போது விமானத்தை முதுகில் தள்ளும், போகும்போது முகத்தில் அடிக்கும் என்று விளக்கினேன். தலையணையை விமானமாக வைத்து ஊதிக்கூடக் காட்டினேன்.

"யாரு சொன்னா?"

"படிச்சிருக்கேன் அங்கிள்."

"பாத்தியா?"

"காத்த எப்படிங்க பாக்கறது?"

 அவர் பென்சிலை எடுத்து, 'காத்து – 25' என்று எழுதிக்கொண்டார். "சரி. காத்துக்கு இருவத்தஞ்சு நிமிசம் குடுத்தாச்சு. பத்து மணி நேரத்துக்கு எந்தக் காத்து?"

புரியவில்லை என்றேன். அவர் காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் கோடு போட்டு எழுதியிருந்தது. ஜாக்சன் ரூமை விட்டுக் கிளம்பியது அந்த ஊர் நேரப்படி மதியம் பன்னிரண்டு. விமானம் ஏறியது பின்னிரவு இரண்டு ஐந்து. மூன்று மணி நேரம் முன்னாலேயே விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்று வைத்தாலும், ராத்திரி பதினொன்றுக்கு உள்ளே போனால் போதும். ரூமிலிருந்து விமான நிலையம் அரை மணி நேரம் என்று நிச்சயத்தன்று ஞானசேகரனே சொன்னார். பெட்டி தூக்க, டீ குடிக்க இன்னொரு அரை மணி அவராகவே தள்ளிக் கொடுத்திருந்தார்.

"பத்து மணி நேரம் மிச்சம் நிக்குது தம்பி. எங்க இருந்தான்?"

"கடைக்குப் போயிருக்கலாம். ஊருக்கு வர்றப்ப சாமான் வாங்குவாங்கல்ல?"

"சாமான் வாங்கி முடிச்சித்தான் பெட்டி கட்டுவான். இவன் பெட்டியத் தூக்கிக்கினுதான கெளம்புனேன்றான்? பெட்டியோட பத்து மணி நேரம் ஒருத்தன் எங்க போவான்? இன்னொரு ஊட்டுக்குப் போவான்." குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு ஊடு கீதோ இன்னாவோ."

நான் சிரித்துவிட்டேன். ஆனால் சிரிப்பு ரொம்ப நேரம் தாங்கவில்லை. எனக்கு வேலை பூந்தமல்லி பக்கம் ஒரு கிடங்கில், எந்த லாரி எந்நேரம் எங்கே இருக்கிறது என்று திரையில் பார்ப்பது. ஒரு வண்டி சொல்லாமல் ஒரு மணி நேரம் நின்றாலே டிரைவரைக் கூப்பிட்டுக் குடைந்துவிடுவோம். பத்து மணி நேரம் நின்றால் அந்த வண்டியைப் பற்றி யாரும் நல்லவிதமாக நினைப்பதில்லை. திங்கட்கிழமை திரையின் முன்னால் உட்கார்ந்தபோது எனக்கு ஜாக்சன் ஞாபகம்தான். அவன் அன்று வந்து உட்கார்ந்திருந்த விதம், போனைக் கவிழ்த்து வைத்திருந்தது, ஞானசேகரன் மற்ற எல்லாக் கேள்விக்கும் மகனை முந்திக்கொண்டு பதில் சொன்னது, எல்லாம் இப்போது வேறு மாதிரி தெரிந்தன.

"நேராக் கேட்டுருங்களேன் அங்கிள்."

"கேட்டு, ஒண்ணும் இல்லன்னு ஆச்சுன்னா? அரக்கோணம் மாதிரி இதுவும் புட்டுக்கும். அப்புறம் எம்பொண்ணு என் மூஞ்சியில முழிக்க மாட்டா. கேக்காம விட்டு, கடல் தாண்டிப் போனப்புறம் ஒண்ணு கீதுன்னு தெரிஞ்சா?" காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நீ படிச்சவன். நீ ரெனிதாகிட்ட நைசாப் பேசிப் பாரு."

புதன்கிழமை காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது படிக்கட்டில் பிடித்தேன். "மஸ்கட்ல ஜாக்சன் ரூம் எந்தப் பக்கம்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"டாடி அனுப்புனாரா?"

நான் விழித்தேன்.

"அண்ணா, டாடிக்குச் சந்தேகம் இல்லாத ஆளு ஒருத்தர்தான், இயேசப்பா. அவரயும் கல்லறைல மூணு நாள் கரெக்டா இருந்தீங்களான்னு கேட்டாலும் கேப்பாரு." சிரித்தாள். பிறகு அவளாகவே சொன்னாள். "சிட்டிக்குள்ளதான். பால்கனில நின்னா எதிர்ல ஹாஸ்பிடல் தெரியும். போட்டோகூட அனுப்பியிருக்காரு. அங்கயே லேப்ல எனக்குப் பாத்துக்கலாம்னாரு. அதான் வர்ற திங்கக்கெழம இங்க ராஜினாமா லெட்டர் குடுக்கப் போறேன்." கைப்பையைத் தட்டிக் காட்டினாள். கடிதம் அதற்குள் இருந்தது. "அடுத்த மாசம் என்னை லேப் இன்சார்ஜ் ஆக்குறதா இருந்தாங்க. ஷைலா மேடம் ரிட்டயர் ஆகுறாங்க. போறவளுக்கு எதுக்குன்னு வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டேன்."

பெருமையாகத்தான் சொன்னாள். ஆனால் 'இன்சார்ஜ்' என்ற சொல்லைச் சொல்லும்போது கொஞ்சம் நின்று சொன்னாள். அந்தப் பதவி என்ன பாடுபட்டால் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதை அருள்தாஸிடம் சொன்னேன். "திங்கக்கெழமயா?" என்றார். அவருடைய கணக்கில் மூன்றாவது ஓலை வரைக்கும் நேரம் இருந்தது. அது இப்போது ஒரு வாரம் குறைந்துபோனது.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு மதியம், கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைச் சம்பந்தியிடம் காட்ட வேண்டும் என்று சாராளிடம் சொல்லிவிட்டு, அவரும் நானும் கரையான்சாவடிக்குப் பஸ் ஏறினோம். கடைக்கு ஷட்டர் இறக்கியிருந்தது. பின்னால் வீடு. ஞானசேகரன் அகலமாகச் சிரித்து வரவேற்றார்.

"வாங்க சம்பந்தி! இத்தக் காட்டவா இவ்ளோ தூரம்? வாட்ஸப்புல தட்டியிருந்தா போதுமே!"

"எழுத்து சின்னதாத் தெரியுது, அதான்," என்றார் அருள்தாஸ். பத்திரிகையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்கள். நான் ஜாக்சனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுத்த முகம். கண்களைச் சுற்றி மட்டும் ஒரு பட்டை வெளுத்திருந்தது. காதை நோக்கி ஒரு கோடும் போனது. எங்கள் பக்கம் கல்குவாரியில் கண்ணாடி மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு அப்படி இருக்கும். ஏசி அறையில் உட்காரும் சூப்பர்வைசருக்கு அது எங்கிருந்து வந்தது?

"மாப்ளே," என்றார் அருள்தாஸ், பத்திரிகையை மடித்துக்கொண்டே, "உங்க ரூம்லேர்ந்து ஏர்போர்ட்டுக்கு எவ்ளோ நேரம்?"

"அர மணி நேரம்," என்றார் ஞானசேகரன்.

"மாப்ளையத்தான் கேட்டேன்."

"டிராபிக் இல்லன்னா இருவது நிமிசம்," என்றார் ஞானசேகரன் மறுபடியும். "இன்னா சம்பந்தி, எத்தினி தடவதான் கேப்பீங்க? அரக்கோணத்துக்குப் போயி நின்ன மாதிரி மஸ்கட்டுக்கும் போயி க்யூல நிக்கிற ஐடியாவா?" சிரித்தார். அந்தக் கதை இவருக்கும் எட்டியிருக்கிறது.

அருள்தாஸின் முகம் சுருங்கிவிட்டது. "சரி, வர்றோம்" என்று எழுந்தார். ஜாக்சன் மட்டும் சிரிக்கவில்லை. "பஸ் ஸ்டாப் வரிக்கும் நான் வர்றேன்ப்பா" என்று செருப்பை மாட்டினான். "எதுக்கு? அவுங்களுக்குத் தெரியாத ரோடா?" என்று ஞானசேகரன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே வந்துவிட்டான்.

மெயின்ரோட்டில் ஒரு மூடிய கடையின் நிழலில் நின்றோம். இரண்டு ஆவடி பஸ் போனது. யாரும் ஏறவில்லை.

"பத்து மணி நேரம் எங்க இருந்தே?" என்றார் அருள்தாஸ். இந்தத் தடவை 'மாப்ளே' இல்லை.

ஜாக்சன் எந்தப் பத்து மணி நேரம் என்று கேட்கவில்லை. "பஸ்ல மாமா."

"எந்த பஸ்ஸு?"

"நான் வேல பாக்குறது மஸ்கட்ல இல்ல. அங்கேர்ந்து ஐநூறு கிலோமீட்டர், பாலைவனத்துல. பைப் லைன் போடுற எடம். பன்னெண்டரைக்கு ஒரு பஸ் கீது, மஸ்கட் போய்ச் சேர ஏழரை ஆயிடும். அப்புறம் ஃப்ரெண்டு ஊட்டுல குளிச்சிட்டு ஏர்போர்ட்டு."

"ரூமு?"

"கேம்ப்பு மாமா. ஒரு ரூமுக்கு ஆறு பேரு. குடும்பத்த வெச்சிக்க உட மாட்டாங்க." வேகமாகச் சொன்னான், மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தவன் மாதிரி. "மஸ்கட் ஆபீசுக்கு மாத்திக் குடுங்கன்னு எழுதிக் குடுத்திருக்கேன். எப்போன்னு தெரியல. அப்பாதான் சொல்லாதடான்னாரு. சொன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு. மொத மொதல்ல மஸ்கட்டுன்னு சொன்னது அவருதான். நான் ஆமான்னுட்டேன்."

"அந்தப் பால்கனி?" என்றேன் நான்.

"அது அந்த ஃப்ரெண்டு ஊடு."

அருள்தாஸ் கடை ஷட்டரில் சாய்ந்துகொண்டார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவு நாள் சந்தேகப்பட்டது உண்மை என்று ஆகியும் அதில் ஜெயித்த களையே இல்லை. "வேற ஊடு ஒண்ணும் இல்லியே?" என்று மட்டும் கேட்டார்.

"மாமா!"

"பைபிள் மேல?"

"பைபிள் மேல."

அவர் மூச்சு விட்டார். "பொம்பள விசயம் ஒண்ணும் இல்ல தம்பி," என்றார் என்னிடம், ஏதோ எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி. "வேல மாத்தல்தான? ஆயிரும்."

"ரெனிதா நாளைக்கு லெட்டர் குடுக்கப் போறாங்க அங்கிள்."

 மூன்றாவதாக ஒரு பஸ் வந்தது. அதில் காலை வைத்த அருள்தாஸ் திரும்பி ஜாக்சனைப் பார்த்தார். "ஏறு. நீயே வந்து சொல்லு. நான் சொன்னா அவ நம்ப மாட்டா."

வீட்டில் ரெனிதா வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஜாக்சன் உட்காரவில்லை. ரோட்டில் சொன்ன அதே வேகத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அவள் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"நான் வந்தா எங்க இருப்பேன்?"

"மொதல்ல விசிட் விசா. ஃப்ரெண்டு வீட்ல ஒரு ரூம் தர்றேன்னிருக்கான். மாசத்துல ரெண்டு நாள் லீவு. நான் வந்துடுவேன்."

"பஸ்ல."

"ஆமா."

"ஏழு மணி நேரம் வந்து, ஏழு மணி நேரம் போயி."

"ஆமா ரெனிதா."

"விசிட் விசால லேப்ல வேல செய்ய முடியுமா?"

அவன் தரையைப் பார்த்தான். சாராள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். அப்போது அருள்தாஸ் பேசினார். நான் எதிர்பார்த்தது எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

"பையன் மேல வேற தப்பு ஒண்ணும் இல்லம்மா. நான் நல்லாக் கேட்டுட்டேன். வந்து நின்னு உண்மையச் சொல்லிட்டான்ல? ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. இதுவும் நின்னா ஜனங்க இன்னா பேசும்..."

"எப்பலேர்ந்து உங்களுக்குத் தெரியும்?"

"இன்னிக்குத்தான். கரையான்சாவடில..."

"இல்ல. எப்பலேர்ந்து சந்தேகம்?"

அவர் சட்டைப்பையைத் தொட்டார். "அவரு வந்த அன்னிக்கே."

"பத்து நாளா!" அவள் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "சந்தேகப்படக் கூடாத எடத்துல போயி க்யூல நிக்கிறீங்க. பட வேண்டிய எடத்துல என்கிட்ட சொல்லாம மாடிக்குப் போயி வெற்றியண்ணாகிட்ட கணக்குப் போட்டுகினு இருக்கீங்க. என் வேல போகப் போகுது, என்கிட்ட ஏன் டாடி சொல்லல?"

"நீ நம்ப மாட்டேன்னு."

"நம்பியிருக்க மாட்டேன். சண்ட போட்டிருப்பேன். ஆனா சொல்லியிருக்கணும்."

அருள்தாஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பத்து நான்கு வருடத்தில் அவரைத் திட்டியவர்கள் எத்தனையோ பேர். சந்தேகப்பட்டதைச் சொல்லவில்லை என்று திட்டியது அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். 

ரெனிதா கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். "நாளைக்கு இது போகாது," என்றாள். பிறகு ஜாக்சன் பக்கம் திரும்பினாள். "மூணாவது ஓலை வர்ற ஞாயித்துக்கெழம வேணாம். மஸ்கட்டுக்கு மாத்துன லெட்டர் வரட்டும், அப்புறம் வாசிக்கலாம். வரலன்னா அப்ப யோசிப்போம். பாஸ்டர்கிட்ட நானே சொல்றேன். உங்க அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க."

"வேணாம்னு சொல்லிட்டியா?" என்றான் ஜாக்சன்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லத் தெரியாதா எனக்கு? அந்த பஸ் விசயத்த மொத நாளே சொல்லியிருந்தா, இங்கயே வேல பாத்துக்கினு உங்களுக்காகக் காத்துக்கினு இருந்திருப்பேன். பால்கனி போட்டோ எதுக்கு அனுப்புனீங்க?"

 சாராள் காபி கொண்டுவந்து வைத்தார். அவன் குடிக்காமல் போனான். வாசல்வரை போன அருள்தாஸ் அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "அந்த பஸ்ஸு நெசமா பன்னெண்டரைக்குக் கீதா, உன் போன்ல பாரு."

பார்த்தேன். இருந்தது. ஏழரைக்குத்தான் போய்ச் சேர்கிறது. "சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏழரைலேர்ந்து பதினொண்ணு வரிக்கும் குளிச்சிக்கினேவா இருந்தான்?" என்றார்.

அடுத்த ஞாயிறு என்னையும் கோயிலுக்குக் கூப்பிட்டார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அறிவிப்புகளின்போது பாஸ்டர் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்தார். மூன்றாவதாக ஒரு பெயர் வரும் என்று காத்திருந்தவர்களின் தலைகள், அது வராமல் அடுத்த பாட்டு தொடங்கியதும், ஒவ்வொன்றாக அருள்தாஸ் பக்கம் திரும்பின. அவர் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றார்.

வெளியே வந்ததும் ஒரு அம்மாள் ரெனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாம்மா ஆச்சு? மாப்ள வீட்டுல ஏதாச்சும் கேட்டாங்களா?"

"ஒண்ணும் கேக்கல ஆன்ட்டி. அவரு வேல செய்ற எடத்துல குடும்பம் தங்க முடியாதாம். மஸ்கட்டுக்கு மாத்திக்கினு வரட்டும்னு நான்தான் தள்ளி வெச்சிருக்கேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அந்த அம்மாள் ரெனிதாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சாராளைப் பார்த்தாள். "சரிம்மா, கர்த்தர் பாத்துப்பாரு" என்று சொல்லிவிட்டு, வேப்பமரத்தடியில் நின்ற நாலைந்து பேரிடம் போய்ச் சேர்ந்தாள். அங்கே தலைகள் ஒன்றாகக் குனிந்தன.

"உள்ளத உள்ளபடி சொன்னாளே," என்றார் அருள்தாஸ் என்னிடம், நிஜமாகவே புரியாமல். "அப்புறமும் ஏன் இப்பிடிப் பாக்குறாங்க?"

 ரெனிதாவுக்கு அன்று ஞாயிறு டியூட்டி. கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, ஷைலா மேடத்திடம் லேப் சாவி வாங்க வேண்டும், நேரமாகிறது என்று சொல்லிவிட்டு ஆவடி பஸ்ஸை நோக்கி நடந்தாள். வேப்பமரத்தடியைக் கடக்கும்போது அவள் நடையில் வேகம் கூடவில்லை, குறையவும் இல்லை.